ஒலிவாங்கிக்குப் பின்னால் யார்? இணைய ஒளிபரப்பும் நெறியாளர்களின் உரிமையும்

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிச் சிறுவர்களிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருப்பதால் இனி எதுவும் விற்க முடியாது என்று கடைக்காரர் ஒருவர் கூறும் காணொளி தமிழகம் முழுவதும் பரவியது. அதைப் படம்பிடித்துப் பரப்பியவர்கள் விலக்கி வைத்த தரப்பினரே. கைதுகள் நடந்தன, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டோர் ஊருக்குள் நுழையவும் தடை விதிக்கப்பட்டது. தமிழகத்தில் அரிதாகவே எடுக்கப்பட்ட நடவடிக்கை இது.

ஆனால் ஊடகங்கள் பாஞ்சாகுளத்தில் தங்கியது சில நாட்களே. பழைய வழக்கொன்றின் பகையிலிருந்தே அந்த ஊர்க் கட்டுப்பாடு பிறந்தது என்பதையும், சமூகப் பொருளாதாரப் புறக்கணிப்பு அதே சட்டத்தின் 3(1)(இசட்சி) பிரிவின்படி தனிக் குற்றம் என்பதையும் விளக்கிச் சொல்ல அவற்றுக்கு நேரமிருக்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் தாமே நடத்தும் இணைய ஒளிபரப்பு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அத்தகைய ஒளிபரப்பை எவ்வாறு நடத்துவது, அதில் பேசும் நெறியாளர்களை எவ்வாறு நடத்துவது என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

மரபு தரும் பாடம்

இது புதிய கேள்வியன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் அளித்தார். அதே ஆண்டில் அம்பேத்கர் உயர்கல்விக்காக இலண்டன் சென்ற பின், இதழின் பொறுப்பு பிறர் கைக்குப் போயிற்று. நிர்வாகத்தில் முரண்பாடுகள் எழுந்தன. 1923இல் இதழ் நின்றது. ஓர் இயக்க ஊடகத்தைப் பகைவரின் தாக்குதல் மட்டுமே வீழ்த்துவதில்லை. பொறுப்பை யாரிடம், எந்த நிபந்தனையில் ஒப்படைக்கிறோம் என்பதில் தெளிவின்மை இருந்தால் அதுவும் வீழ்த்தும்.

2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வு, ஆராயப்பட்ட 121 ஊடகத் தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருப்பதையும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லாததையும் காட்டியது. ஐதராபாத்தில் தோன்றிய ‘தலித் கேமரா’, மீனா கோட்வால் 2021இல் தொடங்கிய ‘தி மூக்நாயக்’, தமிழில் ‘நீலம்’ ஆகியவை இந்த வெற்றிடத்தில் எழுந்தவையே. கைப்பேசி கேமராவின் வேலையையும் செய்வதால் தொடங்குவது எளிதாயிற்று. நிலைத்திருப்பது எளிதாகவில்லை.

அருவியும் வருவாயும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூனில் குற்றாலச் சீசன் வந்துவிட்டால், பேரருவியிலும் ஐந்தருவியிலும் கேமராக்கள் குவியும். நீர் வரத்து, குளிக்கத் தடை, தடை நீக்கம் என ஒவ்வொன்றும் பல்லாயிரம் பேர் பார்க்கும் காணொளி ஆகும். யூடியூபில் முழு விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பரவலாக அறியப்பட்ட விதி. அந்த மணி நேரங்களை அருவிக் காட்சி ஒரு சீசனில் ஈட்டிக் கொடுக்கும். வன்கொடுமை வழக்கு விசாரணை பற்றிய அரைமணி நேர விளக்கம் ஈட்டித் தராது. எனவே விளம்பர வருவாயை மட்டும் நம்பும் சுயேச்சை ஒளிபரப்பு, எவரும் கட்டளையிடாமலேயே வழக்கிலிருந்து அருவிக்கு நகர்ந்துவிடும். வாசகர் சந்தா, தொழிற்சங்கங்களின் சிறு நன்கொடை, வெளிப்படையான ஆண்டுக் கணக்கு ஆகியவையே இதற்கு மாற்று.

வருவாய் குறைவு என்பதைக் காட்டி நெறியாளரிடம் ஊதியமின்றி வேலை வாங்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. ‘இது சமூகப் பணி’ என்று சொல்கிறோம். சாவுச் செய்தி சொல்வதையும் பறையடிப்பதையும் கூலியின்றி நம் முன்னோரிடம் வாங்கியவர்களும் அதை ஊர்க் கடமை என்றே அழைத்தனர். அந்தச் சொல்லை எதிர்த்து எழுந்த இயக்கம், வேறொரு சொல்லால் அதே உழைப்பை வாங்குவது தகாது. தொகை சிறிதாயினும் முன்கூட்டியே பேசி, எழுத்தில் தரவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், உழைக்கும் பத்திரிகையாளர் என்னும் வரையறை மின்னணு, டிஜிட்டல் ஊடகங்களையும் உள்ளடக்குகிறது. இந்த உரிமையை நம் நெறியாளர்கள் அறிந்திருக்க வேண்டும்; முதலில் நாமே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

கருத்து மாறுபடும்போது

தென்காசி தனித் தொகுதி. தேவேந்திரகுல வேளாளர், பறையர், அருந்ததியர் என மூன்று பெரும் பிரிவினரும் தென்மாவட்டங்களில் வாழ்கின்றனர். அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம், தேவேந்திரகுல வேளாளர் பெயர் மாற்றத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், உட்பிரிவு ஒதுக்கீட்டை ஏற்ற 2024 ஆகஸ்டு 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றில் நமக்குள் ஒரே கருத்து இல்லை. ஓர் ஒளிபரப்பின் நெறியாளர்கள் மூவரிடமும் மூன்று கருத்துகள் இருக்கலாம். அதை மறைப்பதால் பயனில்லை. நெறியாளர் தம் கருத்தைக் கருத்தென்று அறிவித்தே பேசட்டும்; மாறுபடுவோருக்கு அதே நிகழ்ச்சியில் இருக்கை தரட்டும். அருந்ததியர் குரலை அருந்ததியர் இல்லாத அரங்கில் ஆராயும் நிகழ்ச்சி, நாம் குறைகூறும் பெருஊடகத்தின் நகலே.

பார்வையாளர் நினைவில் நிற்பது நெறியாளரின் முகம். அதனால், நிர்வாகி தம்மை உரிமையாளராக எண்ணிக்கொள்வதும், நெறியாளர் தம்மையே ஒளிபரப்பாக எண்ணிக்கொள்வதும் நேர்கின்றன. கடவுச்சொல் ஒருவர் கையில் இருந்தால் பூசலின் மறுநாள் ஆவணக் கிடங்கே மறைந்துவிடும். எவரையும் தொலைபேசி அழைப்பில் நீக்கக் கூடாது. காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். முறையீட்டைக் கேட்கக் குழு ஒன்று வேண்டும். பெண் நெறியாளர்களின் சாதியையும் உடலையும் குறித்து வரும் வசைகளை அவர்களே படித்து நீக்கும் நிலை இருக்கக் கூடாது. அது நிர்வாகத்தின் வேலை.

தவறின் விலை

நெறியாளர் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் சிலவே. ஆனால் தவிர்க்க முடியாதவை. பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானோரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் தடுக்கின்றன. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், செய்தி வெளியீட்டாளர் மீதான புகாருக்கு 15 நாட்களுக்குள் முடிவு சொல்லக் கோருகின்றன. யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கைகள் வந்தால் சேனலே நீக்கப்படலாம். ஒரு நெறியாளர் அனுமதியின்றிச் சேர்த்த திரைப்படத் துண்டு, மற்றவர்கள் பல்லாண்டு சேர்த்த சாட்சியங்களை அழித்துவிடலாம்.

எனவே மூலக் காணொளிகளை வெட்டாமல் தனியே சேமிப்பது கடமை. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழுடன் அவை நீதிமன்றத்தில் சாட்சியமாகும். நம் காணொளிகளில் பல, வேறெவரும் பதிவு செய்யாத நிகழ்வுகளின் ஒரே பதிவு.

சிறு குழுவுக்கு இத்தனை விதிகள் சுமை என்று நண்பர்கள் சிலர் கூறுவர். ஊதியம், ஆசிரியர் கொள்கை, நீக்கும் முறை, சட்டக் கடமை, கணக்கு உரிமை ஆகியவற்றை இரண்டு பக்கங்களில் எழுதிவிடலாம். எழுதாதபோது ஆட்சி செய்வது நட்பும் செல்வாக்கும். எழுதப்படாத விதிகளின் கீழ் யார் நசுங்கினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பாஞ்சாகுளத்துக் காணொளியில் அச்சிறுவர்களின் முகங்களை மறைக்காமல் பரப்பியபோது எவரும் அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. அவர்கள் சில ஆண்டுகளில் கல்லூரிக்கு வருவார்கள். ஒலிவாங்கியைத் தாமே பிடித்துப் பேச விரும்பக்கூடும். அன்று கூலியும் மரியாதையும் தரும் ஓர் ஒளிபரப்பு அவர்களுக்காக நிலைத்திருக்க வேண்டுமானால், அந்த இரண்டு பக்கங்களை நாம் இன்றே எழுதியாக வேண்டும்.