முன் சீட்டில் அப்பா

எங்கள் ஆபீஸில் பத்துப் பேர் சேர்ந்து ஓட்டலுக்குப் போனால் பில்லை நான்தான் கொடுப்பேன். கர்ணன் பரம்பரை என்று நினைத்துவிடாதீர்கள். பில்லை என் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு, வாசலுக்கு வருவதற்குள் தலைக்கு இவ்வளவு என்று கறாராக வசூல் பண்ணிவிடுவேன். காசு அவர்களுடையது, பாயின்ட் என்னுடையது!

சித்தி வீட்டு ஃபிரிட்ஜ், மச்சான் வாங்கிய வாஷிங் மெஷின், ஒன்றுவிட்ட தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை... எல்லாம் என் கார்டில். "நீ கையில காசைக் குடு, நான் தேய்ச்சுக்கறேன்" என்று கடை கடையாக அலைந்ததில், சொந்தக்காரர்கள் என்னை ஏதோ கடைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நாலு வருஷம் இந்தப் பிழைப்பு. சேர்ந்த பாயின்ட்டை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றலாம். இரண்டு பாயின்ட் கொடுத்தால் ஒரு மைல். மைல் கொடுத்தால் டிக்கெட்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பில் தேதி தவறாமல் முழுப் பணத்தையும் கட்டுகிற ஜாதிக்குத்தான் இந்த விளையாட்டு. தவறினால் வட்டி மாசத்துக்கு மூன்றரை பெர்சன்ட் வாக்கில் ஓடும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் நாற்பதைத் தாண்டும். எங்கள் செக்ஷனில் ஒருத்தன் பாயின்ட்டுக்காகவே டிரெட்மில் வாங்கினான். வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். டிரெட்மில்லில் துண்டு காய்கிறது.

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த மைல் வியாபாரத்தைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. 1999-ல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற எஞ்சினீயர், புட்டிங் டப்பாவின் லேபிளை அனுப்பினால் மைல் தருகிறார்கள் என்று படித்துவிட்டு, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் டப்பா வாங்கினார். மூவாயிரம் டாலர் சொச்சம் செலவு, பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் மைல் வரவு! லேபிளை உரிக்க ஆள் வேண்டுமே? புட்டிங்கை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்து, அவர்களையே உரிக்க வைத்தார். அவர் எங்கே, ஓட்டல் பில்லைப் பிடுங்குகிற நான் எங்கே.

மைல் சேர்த்தது எதற்கு என்றால், அதற்குப் புளியங்குடிக்குப் போக வேண்டும்.

மதுரையிலிருந்து தென்காசி போகிற ரோட்டில், மேற்கே மலை தெரிய ஆரம்பித்ததும் எலுமிச்சை வாசனை அடித்தால் அதுதான் எங்கள் ஊர். அப்பா அங்கே ஓர் எலுமிச்சைக் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. வெள்ளனவே கடைக்குப் போய்விடுவார். 1981 பிப்ரவரியில் மெல்போர்ன் டெஸ்ட்டை டிரான்ஸிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டவர். ஆஸ்திரேலியாவுக்கு 143 ரன் போதும். கபில்தேவ் தொடையில் வலியோடு வந்து ஐந்து விக்கெட் எடுக்க, 83-ல் சுருண்டார்கள். சந்தோஷத்தில் அன்றைக்கு அப்பா ஒரு மூட்டைக் கணக்கை இரண்டு தரம் எழுதிவிட்டார். முதலாளி திட்டியது அவர் காதில் ஏறவில்லையாம். "மெல்போர்ன் கிரவுண்டை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்ல" என்று பிறகு அடிக்கடி சொல்வார். திருப்பதிக்குப் போகணும் என்பது மாதிரி.

இரண்டாவது விஷயம்தான் என்னைத் துரத்தியது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். மண்டி சிநேகிதர் ஒருவரும் அப்பாவும் திருவள்ளுவர் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. கடைசி நாள் 22-ஆம் தேதி. அன்றைக்குத்தான் எனக்குத் தொட்டில் போடும் விசேஷம் என்று ஆச்சி நாள் குறித்துவிட்டாள். அப்பா வீட்டில் பந்தல்கால் பிடித்துக்கொண்டு நிற்க, அங்கே மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆகி மேட்ச் டை! டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் அப்படி நடந்திருக்கிறது. சிநேகிதர் திரும்பி வந்து கதை சொல்ல ஆரம்பித்தார். முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் அப்பா என்னைப் பார்ப்பார். நான் பரீட்சையில் மார்க் குறைந்தாலும் அதே பார்வைதான். 'இதுக்காகவா டை மேட்சை விட்டேன்?'

டிசம்பர் 26 டெஸ்ட் எங்கே என்று அட்டவணை வரக் காத்திருக்க வேண்டாம். வழக்கமாக மெல்போர்ன்தான். 2024-ல் இந்தியா அங்கே ஆடும் என்று தெரிந்ததும், பத்து மாசம் முன்னாடியே ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். சிங்கப்பூரிலிருந்து மெல்போர்னுக்கு பிரீமியம் எகானமியில் மைலுக்கு இரண்டு சீட் தெரிந்தது.

பிரீமியம் எகானமி தெரியாதவர்களுக்கு: சாதா பஸ், ஏ.ஸி. ஸ்லீப்பர் இரண்டுக்கும் நடுவே 'புஷ்பேக்' இருக்கிறதல்லவா, அது. தைவானின் ஈவா ஏர் 1991-லும், இங்கிலாந்தின் வர்ஜின் அட்லாண்டிக் 1992-லும் ஆரம்பித்து வைத்த வகுப்பு. சாதா சீட்டில் முன் சீட்டுக்கும் நமக்கும் முப்பத்தோரு, முப்பத்திரண்டு அங்குலம். இதில் முப்பத்தெட்டு. ஆறு அங்குலத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் முழங்கால் வலி இல்லாதவர்கள்.

பாயின்ட்டை மைலாக மாற்றக் கட்டளை கொடுத்தேன். ஒரு தரம் மாற்றினால் மாற்றினதுதான், திரும்பி வராது. மைல் வந்து சேர மூன்று நாள். அதற்குள் யாரோ ஒரு மகராசன் ஒரு சீட்டைக் கொத்திக்கொண்டு போய்விட்டான்! மிச்சம் பிரீமியத்தில் ஒன்று, சாதாவில் ஒன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன் சீட்டுக்கு என் பெயரைத்தான் முதலில் டைப் அடித்தேன். நாலு வருஷம் சொந்தக்காரர் வீட்டு ஃபிரிட்ஜுக்கெல்லாம் கார்டு தேய்த்தவன் நான்தானே? பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். பெயரை அழித்து அப்பா பெயரைப் போட்டேன்.

'ஓசி டிக்கெட்' என்று சொல்லிக்கொண்டாலும் வரி, கட்டணம் என்று இரண்டு பேருக்கும் பல ஆயிரம் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்புவதற்கே அந்த அரசாங்கத்துக்கு ஆளுக்கு ஒரு வரி. டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். மேட்ச் டிக்கெட் மூன்றாம் நாளுக்கு மட்டும்தான் என் பட்ஜெட்டுக்குக் கட்டியது. திரும்பும்போது இரண்டு பேருக்குமே சாதா சீட். மைல் தீர்ந்துவிட்டதே!

அப்பா சங்கரன்கோவிலில் ரயிலேறி சென்னை வந்தார். புது ஸ்வெட்டர், பழைய மஞ்சள் பை. சிங்கப்பூர் வரை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அடுத்த விமானத்தில் அவரை முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால், வால் பக்கம், கழிப்பறைக்குப் பக்கத்து வரிசைக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணை மூடினேன். யாரோ தோளைத் தட்டினார்கள்.

"ஏல, தூங்குதியா?"

அப்பா! திரையை விலக்கிக்கொண்டு அத்தனை வரிசையையும் தாண்டி வந்து நிற்கிறார்.

"என்னப்பா, சீட் சரியில்லையா?"

"காலை நீட்டுனா முன் சீட்டு எட்டவே மாட்டேங்கு. எங்கயும் இடிக்காம எப்படில தூங்குறது?" என்றவர், கைத்துண்டில் சுற்றியிருந்த பன்னை நீட்டினார். "ரெண்டு குடுத்தான். தின்னு."

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"அது நீ உக்கார வேண்டிய சீட்டுதானல?"

"ரெண்டு சீட்டும் ஒண்ணுதான்ப்பா."

"தொட்டில் கணக்கைத் தீக்கப் பாக்கியோ?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் இருட்டில் ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பன் நன்றாக இருந்தது.

மெல்போர்னில் இறங்கியதும் ஒரு படிவம். பழம், காய் ஏதாவது வைத்திருக்கிறாயா? 'இல்லை' என்று நான் டிக் அடிக்கப் போக, அப்பா சட்டைப்பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்! குமட்டினால் மோந்து பார்க்கவாம். மறைத்துக் கொண்டுபோனால் அபராதம். ஒழுங்காகச் சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை. சொன்னோம். அதிகாரிப் பெண் அழகாக நன்றி சொல்லி, இரண்டையும் தொட்டியில் போட்டாள். மூட்டை மூட்டையாக எலுமிச்சை பார்த்தவர், அந்த இரண்டுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "முகூர்த்த நாள்ல இது என்ன விலை போகும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பாவம்."

டிசம்பர் 28, சனிக்கிழமை. கிரவுண்டில் 83,073 பேர். அந்த ஐந்து நாளுக்கும் சேர்த்து 3,73,691 பேர் வந்தார்களாம். பிராட்மன் ஆடிய 1937 டெஸ்ட்டுக்கு அதே மைதானத்தில் வந்த 3,50,534-ஐ மிஞ்சிய கூட்டம். அப்பா கொஞ்ச நேரம் ஆட்டத்தையே பார்க்கவில்லை. சுற்றிச் சுற்றிக் கூட்டத்தையே பார்த்தார். டிரான்ஸிஸ்டரில் கேட்ட இரைச்சலுக்கெல்லாம் முகம் தேடுகிற மாதிரி.

நம் ஸ்கோர் லட்சணமாக இல்லை. ஆஸ்திரேலியாவின் 474-க்கு எதிரே 221-க்கு ஏழு விக்கெட். ஃபாலோ ஆன் பயம். அப்போது எட்டாம் நம்பரில் வந்திருந்த நிதிஷ் குமார் ரெட்டியோடு நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் சேர்ந்தார். ஒருத்தர் அடிக்க, இன்னொருத்தர் கட்டை போட, 127 ரன். சுந்தர் ஐம்பது அடிக்க 162 பந்து! "கணக்குப்பிள்ளை ஆட்டம்" என்றார் அப்பா, ரொம்பத் திருப்தியாக. நடுவில் தூறல் வந்து ஆட்டம் நின்றது. எல்லோரும் கூரைக்குள் ஒதுங்கினார்கள். அப்பா மட்டும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "எந்திரிச்சுப் போனா சீட்டை எவனாவது பிடிச்சுருவான்ல." சீட்டுக்கு நம்பர் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். சங்கரன்கோவில் பஸ்ஸில் கற்ற பாடம் அவ்வளவு லேசில் போகாது.

அப்புறம் சுந்தர் அவுட். பும்ரா பூஜ்யம். ரெட்டி 99-ல் அந்தப் பக்கம் நிற்கிறார். கடைசி ஆள் சிராஜ், கம்மின்ஸின் மூன்று பந்தைத் தாக்குப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பஞ்சாபிப் பாட்டி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூன்றும் தப்பியது! அடுத்த ஓவரில் போலண்ட் போட்டதை ரெட்டி மிட் ஆன் தலைக்கு மேல் தூக்கி நாலு. நூறு! இருபத்தோரு வயசுப் பையன் முட்டிபோட்டு, பேட்டை நட்டு, அதன் மேல் ஹெல்மெட்டை வைத்தார்.

பெரிய திரையில் ரெட்டியின் அப்பா முத்யாலா ரெட்டி. கண்ணீர் வழியக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பையன் கிரிக்கெட்டுக்காக வேலையையே விட்டவரு அவரு. ஹிந்துஸ்தான் ஜிங்க்ல இருந்தாராம்" என்றேன்.

அப்பா திரையையே பார்த்தார். "நான் ஒரு மேட்சைத்தானல விட்டேன்" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நான் போய் இரண்டு காபி வாங்கி வந்தேன். உடனே அங்கே நின்றிருக்கக் கூடாது என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது போனில் கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் புளியங்குடி, அந்தச் சிநேகிதர்.

"வே, மெல்போர்ன்ல இருக்கேன்வே! அந்தப் பையன் தூக்கி அடிச்சாம் பாத்தீரா..."

'நானும் டிவியில பாத்துக்கிட்டுத்தான வே இருக்கேன்' என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது.

"டிவியில பாத்தா நனைவீராவே?" என்றார் அப்பா.

30-ஆம் தேதி இந்தியா 184 ரன்னில் தோற்றது. அதை அப்பா கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. நாங்கள் பார்த்தது மூன்றாம் நாள்தானே?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடை வாசலில் அந்தச் சிநேகிதர் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "தம்பி, தினம் காலையில வந்து மூணாம் நாள் ஆட்டத்தை ஓவர் ஓவரா சொல்லுதாருப்பா உங்க அப்பா. நடுவுல மழை வேற பெய்யுது. அவரை வேற எங்கயாவது ஒரு மேட்சுக்குக் கூட்டிட்டுப் போயேன், கதையாவது மாறட்டும்."

போனை எடுத்து என் மைல் கணக்கைப் பார்த்தேன். 640.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல ஃபிரிட்ஜ் ஏதாவது வாங்கப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன்.