நோட்டரி சீல் போட்டால் போதுமா?

கடை வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் சீல் வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சண்முகம் சாலையிலும் முடிச்சூர் சாலையிலும் கடை நடத்தும் நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் ஆபத்தானது என்பதே நம் கருத்து.

நோட்டரி என்ன செய்யலாம் என்பதை 1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. கையெழுத்துக்குச் சான்று என்றால், இன்னார் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே அவர் சாட்சி. உள்ளே எழுதியிருப்பது நிஜமா என்பதற்கு அவர் பொறுப்பல்ல. உண்மை நகல் என்றால் அசலும் நகலும் ஒன்று என்பதோடு சரி. அசலே போலி என்றால் சீல் அதை நல்லதாக்காது. பிரமாணப் பத்திரம், அதாவது அபிடவிட், வேறு ரகம். சத்தியம் செய்பவர் நாம், பொய்யென்றால் தண்டனையும் நமக்கே.

மொத்த வியாபாரிகள் மறந்துபோன பணி ஒன்றும் உண்டு. உண்டியலோ புரோநோட்டோ பணமாகாமல் போனால், அதைக் குறிப்பெழுதிச் சான்றளிக்க நோட்டரிக்கு அதிகாரம் இருக்கிறது. காசோலைக்கு இது தேவையில்லை. வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புவதுதான் அங்கே முக்கியம்.

இனி வாடகைக்கு வருவோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால்தான் '11 மாதம்' என்று எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழகத்தில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வீடானாலும் கடையானாலும், 11 மாதமானாலும், எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணம் காட்டி, கடையைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் மனுப் போட முடியும். 20 வருடமாக ஒரே இடத்தில் வாடிக்கை பிடித்தவருக்கு இது சின்ன விஷயமா? அப்போது நோட்டரி சீல் கைகொடுக்காது. உரிமையாளர்கள் பதிவுக்குத் தயங்குவது வருமான வரிக் கணக்குக்குப் பயந்துதான் என்பது ஊரறிந்த ரகசியம். அந்தப் பயத்துக்கு நம் கடையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மனை வாங்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பவர் பத்திரத்தின் மூலம் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வண்டலூர், மண்ணிவாக்கம் பக்கம் விலை மலிவு என்று நோட்டரி பவரை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. கையெழுத்திட்ட தாளைக் கடைப் பையனிடம் கொடுத்து சீல் வாங்கி வரச் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். நேரில் போய், அவர் முன்னால் கையெழுத்திட்டு, அவருடைய பதிவேட்டிலும் கையொப்பமிட்டு, அந்த வரிசை எண் நம் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் அந்தப் பதிவேட்டைத்தான் கேட்பார்கள்.