கேனோபியில் வெளிச்சம், டிரெய்லரில் இருட்டு

டிராக்டர் கேனோபியின் மேல் எல்.இ.டி. பார் மாட்டியிருந்தால் அபராதம் போடலாமா? போடலாம். எந்தப் பிரிவில் போடுவது என்பதில்தான் செக்போஸ்டில் நிற்பவர்களும் தடுமாறுகிறார்கள், பட்டறைக்காரர்களும் தடுமாறுகிறார்கள்.

குழப்பம் 2019-ல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜனவரி 9 அன்று ஜெயச்சந்திரா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியில் கைவைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தரவில்லை என்றது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ(4)-ஐக் கொண்டுவந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேனோபியில் நாலு விளக்கு இருந்தால் அது ஒரு மாற்றமா, நாலு மாற்றமா? கணக்குப் போடுகிறவரின் மனநிலையைப் பொறுத்தது போலிருக்கிறது.

அந்தத் தீர்ப்பைக் காட்டி விளக்கைக் கழற்றச் சொல்வது பொருந்தாது என்பதே இவ்விதழின் நிலை. பதிவுச் சான்றில் ஏறும் விவரங்களை மாற்றுவது பற்றிய வழக்கு அது. வண்டியின் அடிப்படை அம்சமே மாறிப்போகும்படி கட்டமைப்பைத் திருத்துவதைத்தான் 52ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பும் மாற்றம் என்கிறது. இரண்டு போல்ட்டில் நிற்கிற விளக்கு அந்தக் கணக்கில் வராது.

அதற்காக வண்டிக்காரர் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111 இருக்கிறது. ஸ்பாட் லைட், சர்ச் லைட் எதையும் வண்டியின் முன்பக்கம் பொருத்தக் கூடாது. விதிவிலக்கான சூழ்நிலையில், பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினால் பொருத்தலாம். தடை பொருத்துவதற்கே. ஆகவே "ஆஃப்லதான் சார் இருந்துச்சு" என்ற சமாதானம் எடுபடாது.

விதி 106-ஐ டேப் வைத்து அளந்து பார்த்தால் சங்கதி இன்னும் தெளிவாகும். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. பானட் விளக்கு அந்தக் கண்ணுக்குக் கீழேயே இருப்பதால் லேசாகச் சாய்த்தால் போதும். கேனோபி விளக்கு 2.4 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒளி 8 மீட்டருக்குள் 90 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதே சாய்வில் போனால் 21 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். விதி 105 கேட்பதோ 155 மீட்டர் தூரத்தில் ஆளும் வண்டியும் தெரிகிற வெளிச்சம். ஒழுங்காகச் சாய்த்த கூரை விளக்கு ரோட்டுக்குப் பயன்படாது. ரோட்டுக்காக நிமிர்த்தினால் எதிரே வரும் பைக்காரர் சாக்கடையில் இறங்குவார்.

ஐரோப்பிய விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. முன்னால் லோடர் மாட்டினால் தூக்கிய வாளி பானட் விளக்கை மறைத்துவிடும். அதனால் கூடுதலாக ஒரு ஜோடி டிம் விளக்கை 3 மீட்டர் உயரம் வரை வைத்துக்கொள்ள விடுகிறார்கள். மேல் ஜோடியும் கீழ் ஜோடியும் ஒரே நேரத்தில் எரியக் கூடாது. 15 மீட்டர் தள்ளி அளந்தால் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதிக்கு இறங்கியிருக்க வேண்டும். 2.4-ல் மாட்டியது 1.2-க்கு வந்தாக வேண்டும். பட்டறைச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டே இதைச் சரிபார்க்கலாம். இரண்டும் சேர்ந்து எரியாமலிருக்க ஐந்து பின் ரிலே ஒன்று போதும்: ஹெட்லைட் 87ஏ-யில், கேனோபி விளக்கு 87-ல். ஹெட்லைட் ஒயரைக் கிள்ளி அங்கேயே முறுக்கிவிடும் பழக்கத்தை நம் எலக்ட்ரீஷியன்கள் இனியாவது விட வேண்டும்.

இந்த விளக்கு ஒன்றும் ஆடம்பரமில்லை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமலைப் பார்த்தால் தெரியும். பெரிய ஏரி, அதை நம்பிய நெல் வயல்கள், பக்கத்திலேயே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஊர் முழுக்க ஒரே சமயத்தில் சேற்றுழவுக்கு வண்டி கேட்கும்போது வாடகை டிராக்டர் ராத்திரியிலும் ஓடத்தான் செய்யும். கேஜ் வீல் வரப்பில் ஏறாமலிருக்க மேலிருந்து விழும் வெளிச்சம் வேண்டும். வேலை முடிந்து ரோடு ஏறும்போது சேற்றுக் காலோடு நின்று ஸ்பேனர் எடுத்து விளக்கைக் கழற்றுவார் என்று எதிர்பார்ப்பவர் டிராக்டர் ஓட்டியிருக்க மாட்டார்.

ராத்திரிச் சேற்றுழவு விதி 111 சொல்லும் விதிவிலக்கான சூழ்நிலையா இல்லையா? போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கையில் முடித்துவைக்கக்கூடிய கேள்வி. பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு விளக்கு கூடாது என்னும் விதி 108, வயல்வேலைக்கான பிளவ் லேம்புக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. பின்னால் ஒப்புக்கொண்ட நியாயத்தை முன்னால் மறுப்பதற்கு என்ன காரணம்?

பின்பக்கம் என்றதும் இவ்விதழ் நெடுநாளாகச் சொல்லிவருவதையும் சொல்லியாக வேண்டும். பிளவ் லேம்பை அணைக்க மறந்து ரோடு ஏறிய டிராக்டர், பின்னால் வருபவருக்கு எதிரே வரும் வண்டிபோலத் தெரியும். அதையாவது பார்க்க முடிகிறது. டிரெய்லரைப் பார்க்கவே முடியாது. பின்னால் சிவப்பு விளக்கு 155 மீட்டர் வரை தெரிய வேண்டும் என்கிறது விதி 105. இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும் என்கிறது விதி 104. டிராக்டரோடு வந்த ஏழு பின் சாக்கெட்டின் மூடி பல வண்டிகளில் திறக்கப்பட்டதே இல்லை. டிரெய்லரின் ஒயர் டிராபாரில் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும், முனையில் பிளக் இருக்காது. விளக்கு இருக்க வேண்டிய ஓட்டையில் துரு. ரிஃப்ளெக்டர் இருந்தாலும் அறுவடைக் காலத்தில் வைக்கோல் தொங்கி அதை மறைத்துவிடும்.

டிராக்டர் 25 கிலோமீட்டர் வேகம், பின்னால் வரும் கார் 100. இடைவெளி நொடிக்கு 21 மீட்டர் குறைகிறது. டிம் வெளிச்சத்தில் 50 மீட்டரில் டிரெய்லர் கண்ணில் பட்டால் ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டரை நொடிகூட இல்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 விபத்து அறிக்கையில் மோதல் வகைகளில் முதலிடம் பின்னால் மோதியதற்குத்தான். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இத்தனைக்கும் அபராதம் கேனோபி விளக்குக்குத்தான் விழுகிறது. அது அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும், செல்போனில் படம் பிடிக்கலாம். எரியாத டெயில் லேம்பைப் படம் பிடித்து என்ன செய்வது? உழவு டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனம். பதிவு செய்தபின் வருஷா வருஷம் எஃப்.சி.க்கு வர வேண்டியதில்லை. லேத் பட்டறையில் அடித்த டிரெய்லரைக் கேட்கவே வேண்டாம். வண்டி வாங்கும் அன்று வரி வாங்க ஆள் இருக்கிறது, அதன்பின் அதன் முதுகைப் பார்க்க ஆளில்லை. அதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் காரைப்பேட்டை–வாலாஜா ஆறுவழிப் பணியை ஆண்டுக்கணக்கில் இழுத்தவர்கள், அந்த மண் திருப்பங்களில் இரவில் ஊர்ந்த டிரெய்லர்களை ஒருமுறையாவது எண்ணிப் பார்த்தார்களா?

கேனோபி விளக்குக்கு அனுமதி கேட்டு வருகிறவரைத் துரத்த வேண்டாம், அதையே வாய்ப்பாக்கிக்கொள்ளலாம். போக்குவரத்து ஆணையரகம் விதி 111-க்கு ஒரு பக்க மனுப் படிவம் கொடுக்கட்டும்: தனி சுவிட்ச், ரிலே, ரோட்டில் போட்டு மூட உறை. டிரெய்லர் வைத்திருப்பவர் மனுவோடு அதன் பின்பக்கப் படத்தையும் இணைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ராத்திரியில் எடுத்த, இரண்டு சிவப்பு விளக்கும் எரிகிற படமாக.