பழுக்கட்டும்!

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழிகள் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் இந்த ஒரு பழமொழியை நம்பி மோசம் போனவர்களின் கதையை அறிய விரும்புவோர், அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெறும் ஐஸ் ஹாக்கிப் பந்தயங்களின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

ஹாக்கி என்றதும் நம் வாசகர்களுக்குத் தியான் சந்தும் புல்தரை மைதானமுமே நினைவுக்கு வரும். நாம் இங்கே பிரஸ்தாபிப்பது, காலில் இரும்புச் சறுக்குகளைக் கட்டிக்கொண்டு, உறைந்த பனித்தளத்தின் மீது ரப்பர் வில்லையைத் துரத்தி ஆடும் ஆட்டமாகும். 32 கோஷ்டிகள் அடங்கிய தேசிய ஹாக்கி லீக் அங்கே வெறும் விளையாட்டு ஸ்தாபனமன்று, பெருந்தொழில். அத்தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள் பதினெட்டு வயது வாலிபர்கள். ஒவ்வொரு கோஷ்டியின் அபிமானிகளிலும் ஒரு சாரார், இன்றைய ஆட்டத்தைக் காட்டிலும் நாளைய ஆட்டக்காரர்களின் வளர்ச்சியையே கண்ணுங் கருத்துமாகக் கவனித்து வருகின்றனர். ஸ்வீடனில் ஒரு பையன் நேற்று எத்தனை நிமிஷம் ஆடினான், கனடாவில் மற்றொருவன் எத்தனை கோல் போட்டான் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இந்த ஆர்வம் நல்லதா, கெட்டதா? அது யாருக்கு நன்மை செய்கிறது? இதுவே நாம் ஆராய விரும்பும் விஷயம்.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுவோம். 1963-க்கு முன்பு, பெரிய கோஷ்டிகள் சிறுவர் கழகங்களுக்குப் பண உதவி செய்து, அங்கே ஆடிய சிறுவர்களைத் தம் உடைமையாக்கிக்கொண்டன. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாபி ஆர், 1962-ல் பாஸ்டன் கோஷ்டிக்குக் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 14. மைனர் ஒருவனுடைய எதிர்காலத்தை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும் இவ்வழக்கத்தை எந்த நியாயவாதியும் ஆதரிக்க மாட்டான். 1963-ல் மாண்ட்ரியாலில் முதன்முதலாக 'டிராப்ட்' என்னும் வருஷாந்தரத் தேர்வு ஏற்பட்டது. இன்று அது 7 சுற்றுகளாக நடைபெறுகிறது. ஆண்டுதோறும் 224 வாலிபர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். தோற்ற கோஷ்டிக்கு முதல் உரிமை. 1995 முதல் அதில் குலுக்கல் முறையும் சேர்ந்துள்ளது.

இந்த ஏற்பாட்டால் பலவீனமான கோஷ்டிகள் தலைதூக்க வழி பிறக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்படும் பையனின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டாமா? வக்கீல் குமாஸ்தா முதல் மில் தொழிலாளி வரையில், தன் எஜமானனைத் தானே தேடிக்கொள்ளும் உரிமை எவனுக்கும் உண்டு. இந்தப் பதினெட்டு வயது வாலிபனுக்கு மட்டும் அது இல்லை. அவன் எந்த ஊரில், யார் கீழ் வளர வேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிக்கிறார்கள். ஒருவனுடைய சுதந்திரத்தை எடுத்துக்கொண்டவர், அதற்கு ஈடான கடமையையும் ஏற்றே தீர வேண்டும். மைனர் சொத்தைப் பரிபாலிக்கும் கார்டியனுக்கு எத்தகைய பொறுப்பு உண்டோ, அத்தகைய பொறுப்பு அவனைத் தேர்ந்தெடுத்த கோஷ்டிக்கும் உண்டு என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இப்பொறுப்பை நன்கு உணர்ந்திருந்த ஸ்தாபனம் ஒன்று உண்டெனில், அது மிச்சிகன் மாகாணத்து டெட்ராய்ட் ரெட் விங்ஸ் கோஷ்டியே. 1991 முதல் 2016 வரை, நடைபெற்ற 25 பருவங்களிலும் இடைவிடாமல் இறுதிக் கட்டப் பந்தயங்களுக்குத் தகுதி பெற்று, 1997, 1998, 2002, 2008 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றது அது. அந்த வெற்றியின் ரகசியம் யாது? 1989-ல் அது தேர்ந்தெடுத்த நிக்லாஸ் லிட்ஸ்ட்ராம் 53-வது ஆள். செர்கெய் பெடரோவ் 74-வது ஆள். முன்னவர் சிறந்த தற்காப்பு வீரருக்குரிய நாரிஸ் பரிசை ஏழு முறை பெற்றார். பின்னவர் 1994-ல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரராக மதிக்கப்பெற்று ஹார்ட் பரிசைப் பெற்றார். 1998-ல் 171-வதாக எடுக்கப்பட்ட பாவெல் டாட்சியுக், 1999-ல் 210-வதாக எடுக்கப்பட்ட ஹென்ரிக் செட்டர்பெர்க் ஆகிய இருவரும் 2008-ல் கோப்பையை வென்ற கோஷ்டியின் தூண்களாக விளங்கினர். முளையைப் பார்த்து விளைச்சலைச் சொல்லும் நிபுணர்கள் நூற்றுக்கணக்கான பையன்களுக்குப் பின்னால் இவர்களை நிறுத்தியிருந்தார்கள்!

டெட்ராய்ட் கோஷ்டி இவர்களை அவசரப்படுத்தவில்லை. டாட்சியுக் ரஷ்யாவிலும் செட்டர்பெர்க் ஸ்வீடனிலும் தேர்வுக்குப் பின் மூன்று வருஷம் ஆடிய பிறகே டெட்ராய்ட் வந்து சேர்ந்தனர். மற்றவர்களுக்குக் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துத் துணைக் கோஷ்டி பயிற்சிக் கூடமாயிற்று. 2003-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கோல் காவலர் ஜிம்மி ஹவார்ட் அங்கே நான்கு பருவங்கள் காத்திருந்து, 2009-ல்தான் பெரிய கோஷ்டியில் நிலையான இடம் பெற்றார். காயைப் பறிக்காதே, பழுக்கட்டும், இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்பதே அக்காலத்து நிர்வாகத்தின் கொள்கை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. கனடாவின் எட்மண்டன் ஆயிலர்ஸ் கோஷ்டி 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து முதல் தேர்வுரிமையைப் பெற்றது. டெய்லர் ஹால், ரையன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், நைல் யாகுபோவ் என்ற மூன்று வாலிபர்களும் தேர்வான மறு பருவத்திலேயே பெரிய ஆட்டத்தில் இறக்கப்பட்டனர். பலன் என்ன? 2007 முதல் 2016 வரை பத்துப் பருவங்களில் அக்கோஷ்டி ஒரு முறைகூட இறுதிக் கட்டத்தை எட்டவில்லை. 2016-ல் ஹாலும் யாகுபோவும் வேறு கோஷ்டிகளுக்கு அனுப்பப்பட்டனர். ஹால் இரண்டே வருஷத்தில் நியூஜெர்ஸியில் ஹார்ட் பரிசு பெற்றார். பொன் கையில் இருந்தும் அதை நகையாக்கத் தெரியாதவன் பொன்னைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி டெட்ராய்ட்டின் சமீபகால நிலைமைக்கு வருவோம். பழைய வீரர்கள் ஓய்ந்தனர். 2017 முதல் 2025 வரை ஒன்பது பருவங்கள் தொடர்ந்து இறுதிக் கட்டம் கைக்கெட்டவில்லை. 2019–20-ல் 71 ஆட்டங்களில் 17 மட்டுமே வென்று கடைசி இடத்தை அடைந்தது. குலுக்கலிலும் அதிருஷ்டமின்றி நான்காம் தேர்வே கிடைத்தது. 2024-ல் வாஷிங்டனுடன் சமமாக 91 புள்ளிகள் பெற்றும், நிர்ணய நேரத்திற்குள் வென்ற ஆட்டங்கள் குறைந்ததால் வாசலிலேயே நின்றுவிட்டது. 2019-ல் நிர்வாகப் பொறுப்பேற்ற பழைய தலைவர் ஸ்டீவ் ஐஸர்மன் மீது அபிமானிகள் வைத்த நம்பிக்கை பெரிது. பெரிய நம்பிக்கைக்குப் பெரிய ஏமாற்றமும் பின்தொடர்வது இயல்பே.

இங்கேதான் நம் அபிமானி நண்பர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஆறாம் எண் தேர்வு டெட்ராய்ட்டுக்கு மூன்று முறை வாய்த்தது. 2018-ல் வந்த பிலிப் ஸடினா பெரிதும் புகழப்பட்டவர். 2023-ல் இரு தரப்பாரின் சம்மதத்தின் பேரில் அவருடைய ஒப்பந்தம் முறிந்தது. அவருக்கு அடுத்த ஏழாம் ஆளாக வான்கூவருக்குச் சென்ற க்வின் ஹியூஸ் 2024-ல் நாரிஸ் பரிசு பெற்றார். 2019-ல் ஜெர்மனியிலிருந்து மோரிட்ஸ் ஸைடர் தேர்வானபோது பலர் மூக்கின்மேல் விரலை வைத்தனர். அவர் ஒரு பருவம் கிராண்ட் ராபிட்ஸிலும், ஒரு பருவம் ஸ்வீடனிலும் பதப்பட்டு வந்து, 2021–22-ல் 82 ஆட்டங்களிலும் ஆடி, ஆண்டின் சிறந்த புது வீரருக்குரிய கால்டர் பரிசை வென்றார். 2021-ல் வந்த ஸைமன் எட்வின்சன், இரண்டு பருவங்களின் பெரும்பகுதியைத் துணைக் கோஷ்டியில் கழித்து, 2024–25-ல் நிலைபெற்றார். ஒரே எண், மூன்று விதி. எண்ணில் என்ன இருக்கிறது?

"ஸடினாவையும் கோஷ்டி அவசரப்படுத்தவில்லையே, முதல் வருஷம் துணைக் கோஷ்டியில்தானே வைத்திருந்தது?" என்று சிலர் கேட்கலாம். உண்மை. பொறுமை காட்டினால் எல்லாக் காயும் கனியும் என்று நாம் சொல்லவில்லை. லூகாஸ் ரேமண்ட் போன்ற சிலர் 19 வயதிலேயே நேரே வந்து நிலைபெறுவதும் உண்டு. ஒவ்வொருவனையும் அவனவன் பக்குவத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதே நம் வாதம். சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது எப்படி அநீதியோ, அப்படியே பத்து ஆட்டங்களைப் பார்த்து ஒரு வாலிபனைத் தேவன் என்பதும், அடுத்த பத்தில் அவனைத் தீயன் என்பதும் அநீதி.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு. "ஒன்பது வருஷம் காத்தோம், பொறுமை என்பது நிர்வாகத்தின் திறமைக் குறைவை மூடும் போர்வையாகிவிட்டது" என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பொறுமை வேறு, கணக்குக் கேளாமை வேறு. நிர்வாகியைக் கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். ஆனால் நிர்வாகியின் மீதுள்ள கோபத்தைப் பத்தொன்பது வயதுப் பையனின் தலையில் இறக்காதீர்கள். எஜமானன் செய்த பிழைக்கு வேலைக்காரனைப் பிரம்பால் அடிப்பது எந்த தர்மம்?

விதிகளும் வாலிபர்களுக்கு அனுகூலமாகத் திருந்த வேண்டும். கனடாவின் இளையோர் லீகுகளிலிருந்து வருபவன், இருபது வயதாகும் வரை ஒன்று பெரிய கோஷ்டியில் ஆட வேண்டும், அல்லது சிறுவர்களிடையே திரும்ப வேண்டும் என்றும், நடுவிலுள்ள துணை லீகில் சேரலாகாது என்றும் நெடுநாளாக விதி இருந்து வந்தது. கரையில் நீந்திச் சலித்தவனை நடுக்கடலில்தான் தள்ளுவோம் என்பது போன்ற விதி இது. லீகும் வீரர் சங்கமும் 2025-ல் செய்துகொண்ட புதிய உடன்படிக்கை, 2026–27 பருவம் முதல் இதைத் தளர்த்தி, 19 வயது வீரன் ஒருவனைத் துணைக் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு கோஷ்டிக்கும் இடமளித்துள்ளது. இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஒருவன் என்ற வரம்பும் காலக்கிரமத்தில் அகல வேண்டும்.

அபிமானிகளுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. உங்கள் கண்காணிப்பை விடாதீர்கள். எவரும் பாராத சிற்றூர் அரங்கில் ஆடும் பையனை நீங்கள் கவனிப்பதால்தான் அவனை மறைத்து வைக்கவோ, மலிவாகத் தள்ளிவிடவோ நிர்வாகம் தயங்குகிறது. ஆனால் கண்காணிப்பவன் தோட்டக்காரனைப் போல் இருக்க வேண்டும். மண்டி வியாபாரியைப் போல் இருக்கலாகாது. வியாபாரி தினந்தோறும் காயைத் தட்டிப் பார்த்து விலை கட்டுகிறான். தோட்டக்காரன் நீரை விட்டு, பூச்சியை அகற்றி, பருவத்திற்குக் காத்திருக்கிறான். 210-வது ஆளாக நின்ற ஒருவரின் கையில் ஒரு நாள் கோப்பை இருந்ததை டெட்ராய்ட் மக்கள் தம் கண்ணாலேயே கண்டவர்கள். அவர்களுக்குப் பொறுமையைப் போதிக்க வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.