உள்தோலில் விழும் கோடுகள்

ஸ்ட்ரெட்ச் மார்க் என்பது உள்தோலில் உண்டாகும் தழும்பு. மேல்தோலுக்கு அடியில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. தோலுக்கு உறுதி தருவது முதலாவது; இழுத்து விட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இரண்டாவது. உடம்பு குறுகிய காலத்தில் பெருக்கும்போதும், ஸ்டீராய்டு வகை ஹார்மோன்கள் கூடி நார்களின் உற்பத்தி குறையும்போதும் இந்தப் பின்னல் அங்கங்கே அறுகிறது. மேல்தோல் கிழிவதில்லை. உள்ளே ஆறிய இடம் மட்டும் வெளியே கோடாகத் தெரிகிறது.

கோட்டுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. புதிதாக விழுந்தது சிவந்தோ ஊதாவாகவோ, மாநிறத் தோலில் அடர்பழுப்பாகவோ, சற்றே தடித்து அரிப்போடு இருக்கும். மாதங்கள் போகப்போக ரத்தக்குழாய்கள் வற்றி, சுற்றியுள்ள தோலைவிட வெளிறிப்போகும். விரலால் தடவினால் லேசாகக் குழிந்து, கசங்கிய மெல்லிய காகிதம்போல் சுருக்கம் தட்டுப்படும். சிகிச்சை பலிக்குமா என்பதைப் பெரும்பாலும் இந்தப் பருவமே தீர்மானிக்கிறது.

கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கோடு விழுகிறது. பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகு. தாய்க்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்பு அதிகம். சிறு வயதில் கருத்தரிப்பவர்கள், எடை மிகுதியாக ஏறியவர்கள், பெரிய குழந்தையைச் சுமப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. “சொறியாதடி, கோடு விழும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. இழுபடும் தோல் அரிக்கிறது. சொறிந்தாலும் சொறியாவிட்டாலும் விழ வேண்டியது விழும். ஆனால் அரிப்பை எப்போதும் இதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்தால் அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோடுகளின் மேலேயே சிவந்த பருக்கள் கிளம்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் தோல் தெளிவாக இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும் வேறொரு தோல் அழற்சி.

வராமல் தடுக்க விற்கப்படும் பொருட்கள் ஏராளம். கோக்கோ வெண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் ஆய்வுகளில் கர்ப்பிணிகளுக்குத் தடவிப் பார்த்தார்கள்; தடவாதவர்களுக்கு விழுந்த அளவுக்கே இவர்களுக்கும் விழுந்தது. வல்லாரைச் சாறு சேர்ந்த களிம்புகள் சிறிய ஆய்வுகளில் ஓரளவு நம்பிக்கை தந்தன. உறுதியாகச் சொல்ல அவை போதா. எண்ணெயால் பயனே இல்லை என்பதில்லை. வறட்சியும் அரிப்பும் தணியும். அதற்கு வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும். ஆயிரக்கணக்கில் விலை போட்ட புட்டி தேவையில்லை. எடை சீராக, மெதுவாக ஏறும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அதுவும் உத்தரவாதம் ஆகாது.

வளரும் வயதில் பெண்பிள்ளைகளுக்கு மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும், திடீரென உயரும் பையன்களுக்குக் கீழ்முதுகில் குறுக்காகவும் கோடுகள் விழும். முதுகில் வரிசையாகச் சிவந்து நிற்பதைப் பெல்ட்டால் அடித்த தடம் என்று சந்தேகித்து, வீட்டாரை விசாரித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இவை நாளடைவில் மங்கும்.

உண்மையில் தடுக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. தொடை இடுக்கில் படர்தாமரை வந்தால் கூச்சப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ட்யூபில், பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரிய ஸ்டீராய்டும் கலந்திருப்பது வழக்கம். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை சாகாது. நிறுத்தியதும் திரும்பும், மறுபடி தடவுவார்கள். இடுக்கில் தோல் மெலிது, மூடியே கிடப்பதால் மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். சில வாரங்களில் விரல் அகலத்துக்குக்கூடக் கோடுகள் வெடித்து நிற்கும். முகம் வெளுக்கத் தடவும் களிம்புகள் சிலவற்றிலும் இதே சரக்குதான். இத்தகைய 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. கடைகளில் நடப்பு வேறு. தடவுவதை நிறுத்தினால் புதுக்கோடு விழாது, விழுந்தது போகாது. கர்ப்பமும் இல்லாமல் களிம்பும் தடவாமல் அகன்ற ஊதாக் கோடுகள் தோன்றி, முகம் உப்பி, ரத்த அழுத்தமும் ஏறினால், உடம்புக்குள்ளேயே கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிகிச்சையில் முந்துகிறவருக்கே பலன். கோடு சிவந்திருக்கும்போது ட்ரெட்டினாயின் 0.1 சதவீதக் களிம்பை மாதக்கணக்கில் தடவினால் நீளமும் அகலமும் ஓரளவு குறையும். வெளிறியபின் அதனால் பெரிய பயன் இல்லை. கர்ப்ப காலத்தில் அதைத் தொடவே கூடாது. பால் கொடுக்கும் தாய் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. பல்ஸ்டு டை லேசர், சிவப்புக்குக் காரணமான ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. வெளிறியவற்றுக்கு நுண்ணூசிச் சிகிச்சையும் ஃப்ராக்‌ஷனல் லேசரும் உண்டு. இரண்டும் உள்தோலில் கணக்காகச் சிறு காயங்கள் செய்து புதிய கொலாஜனை வளர வைக்கின்றன. சில வார இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் ஆகும். நம்மவர்களின் மாநிற, கறுத்த தோலில் லேசர் பட்ட இடம் கோட்டைவிடக் கறுத்துப்போகும் ஆபத்து இருப்பதால், அழகு நிலையத்தில் அல்லாமல் தோல் மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும். முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். “முழுதாக அழித்துவிடுகிறோம்” என்று பேக்கேஜ் விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. எந்தக் கருவியும் கோட்டை மங்கவைக்குமே தவிர, இல்லாமலாக்காது.

அடியோடு போக ஒரே வழி அந்தத் தோலையே வெட்டி எடுப்பது. தொங்கும் வயிற்றைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் தொப்புளுக்குக் கீழுள்ள கோடுகள் தோலோடு சேர்ந்து போய்விடும். மேலே இருப்பவை கீழே இறங்கி நிற்கும். இடுப்பின் குறுக்கே நீண்ட தையல் தழும்பு அதற்கு விலை. கோட்டுக்காக மட்டும் இதைச் செய்ய மருத்துவர்கள் சம்மதிப்பது அரிது. இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கே பரிந்துரைக்கிறார்கள்.