கீமோ முதலா, ஆபரேஷன் முதலா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“என் அப்பாவுக்கு 58 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஆறு மாதமாக, இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்பார். கேஸ் மாத்திரை போட்டே காலத்தை ஓட்டிவிட்டார். எட்டு கிலோ எடை குறைந்த பிறகுதான் எண்டோஸ்கோபி எடுத்தோம். இரைப்பையில் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிசல்ட் வந்திருக்கிறது. பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது, மற்ற உறுப்புகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை என்கிறார்கள். முதலில் நான்கு கீமோ, பிறகு ஆபரேஷன், அதன்பின் மறுபடியும் நான்கு கீமோ என்று டாக்டர் சொல்கிறார். ‘கட்டியை உள்ளே வெச்சுக்கிட்டு மூணு மாசம் ஏன் காத்திருக்கணும், உடனே எடுத்துடலாம்’ என்கிறார் பெரியப்பா. ‘கத்தி பட்டா பரவிடும்’ என்கிறார் அத்தை. அப்பாவிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நாங்கள் என்ன முடிவெடுப்பது?”

அன்புச் சகோதரி, உங்கள் பெரியப்பாவின் கேள்வி நியாயமானது. கெட்டது உடம்புக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் முதலில் அதை வெளியே எடுக்கத்தான் தோன்றும். ஆனால், நெறி கட்டும் அளவுக்கு வளர்ந்த இரைப்பைப் புற்றுநோயில், கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். கத்தியால் கட்டியை எடுக்கலாம். அந்தச் செல்களை எடுக்க முடியாது. மருந்துதான் அவற்றைத் தேடிப்போகும். ஆகவே, கீமோ ஆரம்பிக்கும் நாளிலேயே சிகிச்சை ஆரம்பித்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்கள் வெறும் காத்திருப்பு அல்ல.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2006-ல் வெளியான ‘மேஜிக்’ என்ற ஆய்வில் 503 பேர் பங்கேற்றார்கள். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர். முன்னும் பின்னும் கீமோ எடுத்தவர்களில் 36 பேர். 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு, ‘ஃப்ளாட்’ என்ற மருந்துக் கூட்டு பழைய முறையைவிட நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. உங்கள் டாக்டர் சொல்லும் ‘நான்கு - ஆபரேஷன் - நான்கு’ என்ற கணக்கு அந்த முறையில் உள்ளதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு கீமோ, கடைசி கீமோ முடிந்து உடம்பு தேற நான்கு முதல் ஆறு வாரம், பிறகு ஆபரேஷன்.

எல்லாவற்றையும் ஆபரேஷனுக்குப் பிறகே கொடுக்கலாமே என்று கேட்கலாம். அந்த 2019 ஆய்வில், முதல் நான்கு கீமோவைப் பெரும்பாலானவர்கள் முடித்தார்கள். எட்டையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தாங்குவதில்லை. தெம்பு இருக்கும்போதே மருந்தை உள்ளே செலுத்திவிடுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தைக்கு ஒரு வார்த்தை: கத்தி பட்டுப் பரவும் என்பது, நோய் முற்றிய பிறகே வயிற்றைத் திறந்துபார்த்த காலத்தில் பிறந்த பயம். முறையாகச் செய்யப்படும் ஆபரேஷனில் கட்டியோடு சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுக்கிறார்கள். இந்த நிலையில் உள்ள இரைப்பைப் புற்றுநோயைக் குணப்படுத்த நினைத்தால், ஆபரேஷன் இல்லாமல் பொதுவாக வழியில்லை.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. இரைப்பையின் உள்சுவரோடு நிற்கும் ஆரம்பநிலைக் கட்டியை எண்டோஸ்கோபி மூலமாகவோ, நேரடி ஆபரேஷன் மூலமாகவோ எடுத்துவிடலாம். ரத்தக்கசிவு நிற்கவில்லை, உணவு இறங்கவே வழியில்லை என்றால் வரிசை மாறலாம். கல்லீரலுக்கோ வயிற்றின் உள்சவ்வுக்கோ பரவியிருந்தால், இரைப்பையை எடுப்பதால் நோய் குணமாகாது; அங்கே மருந்துதான் முக்கிய சிகிச்சை.

அதனால்தான், கீமோவா ஆபரேஷனா என்று முடிவெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “டாக்டர், இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா?” இந்தப் பதில் கையில் இருந்தால், எவ்வளவு சிரமத்தைத் தாங்கலாம், எவ்வளவு செலவு செய்யலாம், எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் தெளிவாகும்.

அதன் பிறகு இவற்றையும் கேளுங்கள்:

1. வயிற்றுச் சவ்வில் உள்ள சின்னப் புள்ளிகள் சி.டி. ஸ்கேனில் தவறிப்போகலாம். அப்பாவுக்கு முதலில் லேப்ராஸ்கோபி செய்து பார்க்க வேண்டுமா?

2. பயாப்ஸி திசுவில் ஹெர்-2, எம்.எஸ்.ஐ. பரிசோதனைகள் செய்தாகிவிட்டதா? ரிசல்ட்டைப் பொறுத்து மருந்து மாறலாம்.

3. முழு இரைப்பையையும் எடுக்க வேண்டுமா, ஒரு பகுதி போதுமா?

4. இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? கூச்சப்படாமல் கேளுங்கள். அடிக்கடி செய்யும் மருத்துவமனையில் ஆபத்து குறைவு.

5. சர்ஜன், கீமோ டாக்டர் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுத்த முடிவா இது?

மனம் சமாதானமாகவில்லை என்றால் இன்னொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கலாம். ரிப்போர்ட்டோடு பயாப்ஸி ஸ்லைடு, பிளாக், ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ரத்தக்கசிவோ அடைப்போ இல்லாதவரை, இதற்கு ஒரு வாரம் செலவழிப்பதால் நஷ்டமில்லை. தமிழகத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தகுதி இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

கீமோ காலத்தில் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். முடி கொட்டும், பிறகு வளரும். விரல் மரத்துப்போவது, ஃப்ரிட்ஜ் தண்ணீர் பட்டால் சுரீர் என்பது போன்றவை மருந்தால் வருபவை. பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் ஒரு பாதி. முட்டை, பருப்பு, தயிர், சத்துமாவுக் கஞ்சி என்று புரதம் இருக்கட்டும். ‘புற்றுநோய்க்குப் பட்டினி நல்லது’ என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை ஒதுக்கிவிடுங்கள்.

இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா? முடியும். உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். மூன்று வேளைச் சாப்பாடு ஆறு வேளையாகும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும். பாயசம், ஜூஸ் போல இனிப்பான நீராகாரம் சட்டென்று குடலில் இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வரும். முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி-12 உணவிலிருந்து சேராது. வாழ்நாள் முழுக்க டாக்டர் சொல்கிறபடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் பின்னால் அவ்வளவாகக் கலங்குவதில்லை.

இனி அந்த ‘அல்சர்’ விஷயம். அப்பா மேல் உள்ள பாசத்தால்தான் மறைத்திருக்கிறீர்கள். ஆனால், அல்சருக்கு ஏன் முடி கொட்டும் மருந்து என்று முதல் கீமோவிலேயே அவர் கேட்பார். கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதைவிட, இரண்டாவது மூன்றாவது கீமோவில் உடம்பு தளரும்போது, “எதுக்காக இதைத் தாங்கணும்?” என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர்தான் தொடர்ந்து நடப்பார். கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். கடை, கணக்கு, கொடுக்கல் வாங்கல் பற்றிப் பேசவும் அவருக்கு நேரம் வேண்டும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்பாவை அறைக்குள் கூட்டிப்போங்கள். “உங்க நோயைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?” என்று டாக்டர் கேட்கட்டும். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லட்டும். “நீங்களே பார்த்துக்கங்க” என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, மதிக்கலாம். பாதிப் பேருக்கு மேல் தெரியக்கூடாது என்று உறவினர்கள் கட்டுப்பாடு போட்ட வீடுகளில், நோயாளி எல்லாவற்றையும் ஊகித்துவிட்டு, தான் ஊகித்தது வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று தனியாகக் கஷ்டப்படுவது உண்டு.

பெரியப்பா, அத்தை எல்லோரும் பேசட்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மேலே உள்ள கேள்விகளை அவர் கையில் கொடுங்கள்.