கணக்கில் வராத கடல்

2007ஆம் ஆண்டில், ஐ.நா.வின் காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 18 முதல் 59 சென்ரிமீற்றர் வரை உயரலாம் எனக் கணித்தது. கிரீன்லாந்து, அந்தாட்டிக்கா பனிப்படலங்கள் விரைந்து நழுவிக் கடலில் கலப்பதால் வரக்கூடிய உயர்வு அக்கணக்கில் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை. அறிவியலாளர் இதனை ஒளிக்கவில்லை, அறிக்கையிலேயே எழுதியிருந்தனர். ஆயினும் ஆட்சியாளர் நினைவில் நின்றது எண் மட்டுமே. 2021ஆம் ஆண்டு அறிக்கையோ, உமிழ்வு மிக அதிகரித்தால் ஏறத்தாழ 1 மீற்றர் வரை உயரலாம் என்றதுடன், 2 மீற்றரை நெருங்கும் வாய்ப்பையும் மறுக்க இயலாது என்றது. பாலம் கட்டுபவர் அறியாத சுமைக்கும் இடம் வைத்தே கட்டுவர். அளக்க இயலாததைச் சுழியமாகக் கொள்ளும் துணிவு அரசியலாருக்கே உண்டு!

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது வெறும் எண்ணன்று. அங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில், உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீரே கிணற்று நீர். கடல்மட்டத்திற்கு மேலே நிற்கும் ஒவ்வோர் அடி நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலின் விதி. கடல் உயரும்போது, தாழ்நிலத்தில் நன்னீர் மட்டம் அதற்கு ஈடாக உயர வழியில்லை. எனவே நன்னீர்ப் படலம் அதே விகிதத்தில் மெலியும். வீடு மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே கிணறு உவர்த்துவிடும். துலா மறைந்து இயந்திர இறைப்பு வந்ததும் இச்சரிவை விரைவுபடுத்தியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

கொள்கைகளோ வாக்குறுதிகளாகவே நிற்கின்றன. 2015ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையில், இலக்கைத் தவறவிடும் நாட்டுக்குத் தண்டனை இல்லை. தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடா, கியோட்டோ உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக 2011 டிசம்பரில் அறிவித்தது. நுகர்வோர் மீதான கரிம வரியை 2025 ஏப்ரலில் நீக்கியது.

2024இல் பாகுவில் கூடிய மாநாட்டில், வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 திரில்லியன் டொலர் கேட்டன. செல்வந்த நாடுகள் முன்னின்று திரட்டுவதாக ஒப்புக்கொண்டது 2035ஆம் ஆண்டளவில் 300 பில்லியன். அதில் எவ்வளவு நன்கொடை, எவ்வளவு கடன் என்ற வரையறையும் இல்லை. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென 2022இல் அறிவித்த இலங்கை, தன் கரையோரத்தைக் காக்க மேலும் கடன்பட வேண்டுமா? வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் புலம்பெயர் பெற்றோரும் இளையோரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.